பைப் புகையிலையை எதில் வைப்பது? டின், கண்ணாடி ஜாடி, பை, ஹியூமிடர்: ஓர் ஒப்பீடு

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியை எதிரெதிர் முனையிலிருந்து கேட்டார்கள். கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் தம்பி ஒருவர், "அண்ணை, டின்னைத் திறந்து பத்து நாளிலை எல்லாம் சருகாப் போகுது. ஹியூமிடர் ஒண்டு வாங்கவோ?" என்றார். (ஹியூமிடர் என்பது சுருட்டு வைக்கும் ஈரப்பதப் பெட்டி.) சென்னை பெசன்ட் நகர்க்காரர் ஒருவர், "சார், டின்னுக்குள்ள ஆப்பிள் தோல் போட்டு வைக்கச் சொல்றாங்க. போடலாமா? ஏற்கெனவே நமுத்த மாதிரிதான் இருக்கு" என்றார்.

இருவரும் படித்தது ஒரே அறிவுரை: பைப் புகையிலையை ஈரமாக வைத்திருங்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் குளிர்காலத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது அது. ஸ்கார்பரோ வீட்டில் ஜனவரி மாதம் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். பெசன்ட் நகரில் நவம்பர் மழையில் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஒருவர் இலையைக் காப்பாற்றும் வழி மற்றவர் இலையைக் கெடுக்கும். எந்தப் பாத்திரம் வாங்குவது என்று கேட்பதற்கு முன் நம் வீட்டுக் காற்று எப்படி என்று பார்க்க வேண்டும். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் வரும் பொருள்களில் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்களோடு பைப்புக்கு நேரடித் தொடர்பு உண்டு. நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடம்பில் ஏறும். புகைக்காதவர் யாரும் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே மாலையில் ஒரு பைப் என்று வைத்திருப்பவர், காசு கொடுத்து வாங்கிய நல்ல இலையை வீணாக்காமல் வைத்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

## முதலில் பதம்

பாகு காய்ச்சும் வீட்டில் பிறந்தவர்களுக்குப் பதம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பதம் தாண்டினால் அதிரசம் கல்லாகும், வராவிட்டால் எண்ணெயில் கரையும். புகையிலைக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. உலர்ந்த இலை காற்றில் ஈரம் கூடினால் குடிக்கும், குறைந்தால் விட்டுவிடும். நடுப்பகலில் தொட்டால் நொறுங்கும் பாடம் போட்ட இலை, விடியற்காலைப் பனியில் துணி போல மடியும். இலையைக் கட்டுவதற்கும் அடுக்குவதற்கும் விவசாயிகள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

வெட்டிய பைப் புகையிலையில் பதம் பார்ப்பது இப்படி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் நடுவே ஒரு சிட்டிகை எடுத்து, மூன்று நொடி நன்றாக அழுத்திவிட்டு விடுங்கள். அமுங்கிய கட்டியாகவே நின்றால் ஈரம் அதிகம். நொறுங்கி விரலில் தூளாக ஒட்டினால் காய்ந்துவிட்டது. அமுங்கி, பிறகு சோம்பல் முறிப்பதுபோல மெல்ல மெல்லத் தளர்ந்து விரிந்தால் அது புகைக்கும் பதம்.

ஈரம் கூடினால் ஏன் கெடுதல்? இலை எரியும்போதே தண்ணீர் உண்டாகிறது. இலைக்குள் இருக்கும் ஈரமும் அதோடு சேர்ந்து நீராவியாக வாய்க்கு வரும். நாக்கு எரிச்சலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். தண்டுக்குள் தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தம் வரும்; பைப் அணைந்து அணைந்து போகும்; திரும்பத் திரும்பப் பற்றவைக்கும்போது சூடு ஏறும். காய்ந்த இலையோ ஒரே மூச்சில் எரிந்து, சூடாக, மணமில்லாமல் தீர்ந்துபோகும். கூடினாலும் குறைந்தாலும் முடிவு சூடுதான்.

அனுபவமுள்ள பலர் புகையிலையைச் சுமார் 58 முதல் 65 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிறார்கள். 70-ஐத் தாண்டினால் பூசணத்துக்குக் கதவு திறக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. வனிலா, செர்ரி போன்ற மணமூட்டிய வகைகள் பலவற்றில் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்திருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், எவ்வளவு உலர்த்தினாலும் கைக்கு ஈரமாகவே தெரியும். அந்த வகைக்குச் சிட்டிகைச் சோதனை முழுதாக ஒத்துவராது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். உள்ளே போன ஈரம் எத்தனை நாள் அப்படியே நிற்கும்? பூசணம் பிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஒன்றின் மணம் இன்னொன்றில் ஏறுமா? முதல் நாள் செலவுக்குப் பிறகு தொடரும் செலவு என்ன? ஐந்தாவது, பலரும் கேட்க மறப்பது: இந்தப் புகையிலை எத்தனை நாள் இருக்கப் போகிறது? பத்து நாளில் முடியும் டின்னுக்கும் பத்து வருடம் வைக்கும் டின்னுக்கும் ஒரே பதில் கிடையாது.

ஐந்தில் பூசணத்துக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். காய்ந்த புகையிலையைச் சில நாளில் மீட்கலாம். பூசணம் பிடித்ததைக் குப்பையில் கொட்டுவதைத் தவிர வழியில்லை.

| வழி | ஈரம் நிற்கும் காலம் | பூசண அபாயம் | மணம் கலப்பது | மறைசெலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| திறக்காத டின் | சீல் நின்றால் ஆண்டுக்கணக்கில் | மிகக் குறைவு | இல்லை | துரு, தெரியாமல் விட்டுப்போகும் சீல் | சேர்த்து வைப்பவர் |
| திறந்த டின் | ஒன்றிரண்டு வாரம் | ஊர்க் காற்றைப் பொறுத்தது | ஓரளவு | காய்ந்து வீணாகும் கடைசிக் கால்பங்கு | ஒரே டின்னைத் தொடர்ந்து முடிப்பவர் |
| கண்ணாடி ஜாடி | ஆண்டுக்கணக்கில் | உள்ளே போடும்போது இருந்த ஈரம் தீர்மானிக்கும் | மூடியின் ரப்பரில் மட்டும் | இடம், எடை, உடைதல் | ஏறக்குறைய எல்லோரும் |
| ஜிப் பை, தோல் பவுச் | சில நாள் | குறைவு | அதிகம் | மணம் வெளியேறிவிடும் | வெளியூர்ப் பயணம் |
| சுருட்டு ஹியூமிடர் | தொடர்ந்து கவனித்தால் மட்டும் | அதிகம் | மரவாசனை ஏறும் | விலை, பராமரிப்பு | சுருட்டுக்காரர் |
| பீங்கான் ஜாடி | மூடியைப் பொறுத்தது | மூடியில் ஈர வில்லை இருந்தால் உண்டு | பழைய மணம் தங்கலாம் | அழகுக்குக் கொடுக்கும் விலை | மேசைமேல் வைத்து வேகமாக முடிப்பவர் |

## டின்

பைப் புகையிலை பெரும்பாலும் 50 கிராம் அல்லது 100 கிராம் டின்னில் வரும். வட்ட டின்களில் பல, காற்றை உறிஞ்சி மூடியவை. விளிம்பில் காசு வைத்துத் திருகினால் "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் சீல் நின்றிருக்கிறது என்று அர்த்தம். திறக்கும்வரை அதற்கு மேலான பாத்திரம் தேவையில்லை. வர்ஜீனியா இலை சர்க்கரை மிகுந்தது; மூடிய டின்னுக்குள் சில ஆண்டுகள் இருந்தால் அதன் கூர்மை தணிந்து ஆழம் கூடும். புகையூட்டிப் பதப்படுத்திய லட்டாக்கியா இலை சேர்ந்த கலவைகளில் அந்தப் புகைவாசம் ஆண்டு போகப் போக மெல்ல மங்கும். மணமூட்டிய வகைகளை வருடக்கணக்கில் வைத்திருந்து பெறுவது ஒன்றுமில்லை.

தட்டையான செவ்வக டின்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. மூலைகளில் சீல் நெகிழும். பயணப் பையில் ஓர் அழுத்தம் பட்டாலே போதும். நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்த செவ்வக டின் ஒன்றை இரண்டு வருடம் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். திறந்தபோது ஃப்ளேக் (அழுத்திக் கட்டியாக்கி மெல்லிய வில்லைகளாக வெட்டிய இலை) துண்டுகள் கருவேப்பிலைச் சருகு மாதிரி நொறுங்கின. மூடியைப் பிடித்துப் பார்த்தால் அசைந்தது. எந்த நாளில் சீல் விட்டது என்று தெரிய வழியே இல்லை. அன்றிலிருந்து கைக்கு வந்த டின்னின் மூடியை முதலில் அசைத்துப் பார்க்கிறேன். அசைந்தால் அன்றே திறந்து ஜாடிக்கு மாற்றிவிடுவேன்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை துரு. உப்புக் காற்று வெளியிலிருந்தும், ஈரமான இலை உள்ளிருந்தும் தகரத்தை அரிக்கும். ஊசிமுனை ஓட்டை ஒன்று போதும். ஐந்து வருடத்துக்கு மேல் வைக்க எண்ணினால் டின்னை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, தரையை ஒட்டாத உயரமான அலமாரியில் வைத்து, வருடம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

திறந்த பிறகு டின் வெறும் மூடிதான். தினம் இரண்டு பைப் புகைப்பவர் 50 கிராமைப் பத்துப் பதினைந்து நாளில் முடித்துவிடுவார். அவர் எதற்கும் மாற்ற வேண்டாம். வாரம் ஒரு பைப் என்றால் கடைசிக் கால்பங்கு நிச்சயம் காய்ந்துபோகும்.

## கண்ணாடி ஜாடி

என் தேர்வு இதுதான். அமெரிக்காவில் ஜான் லாண்டிஸ் மேசன் 1858-இல் காப்புரிமை பெற்ற, திருகு மூடி போட்ட ஜாடி, ஊறுகாயும் பழமும் போட்டு வைக்கப் பிறந்தது. பைப் புகைப்பவர்கள் அதைத் தங்கள் பாத்திரமாக்கிக்கொண்டார்கள். கண்ணாடி ஈரத்தை உறிஞ்சாது, விடாது, மணத்தையும் பிடித்து வைக்காது. மூடியின் உள்வளையம் நன்றாக உட்கார்ந்தால் உள்ளே போன பதம் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும்.

நம்மூரில் மேசன் ஜாடியைத் தேடி அலைய வேண்டாம். கம்பிக் கொக்கி போட்டு இறுக்கும், ரப்பர் வளையம் வைத்த ஜாடி பாத்திரக் கடையில் கிடைக்கும். மூடிக்குள் மெத்தென்ற வளையம் உள்ள தேன் பாட்டில், ஜாம் பாட்டிலும் ஆகும். ஊறுகாய் பாட்டிலை மட்டும் தொடாதீர்கள். கண்ணாடியைக் கழுவிவிடலாம், மூடி வளையத்தில் ஏறிய பெருங்காயமும் கடுகெண்ணெயும் போகவே போகாது. எந்தப் பழைய பாட்டிலையும் மூடி போட்டு ஒருநாள் வெயிலில் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

காற்று புகாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றித் தலைகீழாக வைக்கும் சோதனை போதும். ஆனால் அதன்பின் ஜாடியைக் காயவைப்பதில் அவசரம் கூடாது. கொதிநீரில் கழுவி, துணியால் துடைத்து, வாய் திறந்தபடி ஒரு பகல் முழுக்க வெயிலில் வைக்க வேண்டும். திருகுப் பள்ளத்தில் தங்கிய ஒரு சொட்டு, மூடியின் ஓரத்தில் பூசணப் புள்ளியாக மாறும்.

அளவு: சன்னமாக வெட்டிய 50 கிராம் இலைக்குச் சுமார் கால் லிட்டர் ஜாடி சரியாக இருக்கும். 100 கிராமுக்கு அரை லிட்டர். ஃப்ளேக் வகை அடர்த்தியாக அடங்கும். இன்னும் சிறியது போதும். ஒரு பெரிய ஜாடிக்குப் பதில் பல சின்ன ஜாடிகள் வாங்குங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்காற்று மாறுகிறது. நான்கு ஜாடியில் ஒன்றைத் திறந்தால் மற்ற மூன்றும் தூக்கம் கலையாமல் இருக்கும். மணமூட்டிய வகைக்கும் லட்டாக்கியா கலவைக்கும் தனித்தனி ஜாடி, அதற்கென்றே ஒதுக்கியது.

கண்ணாடிக்கு உள்ள குறை வெளிச்சம். ஜன்னலோரம் வைத்தால் இலை வெளிறிப்போகும், பகல் சூட்டில் ஜாடியின் உட்சுவர் வியர்க்கும். மரக் கதவு போட்ட அலமாரியின் கீழ்த்தட்டு போதும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த கண்ணாடிமேல் வியர்த்து வரும் தண்ணீர் இலைக்குள் இறங்கும்.

ஜாடியைப் பற்றிய மிக முக்கியமான விஷயம் இது: ஜாடி தானாக எதையும் சரிசெய்யாது. ஈரமாகப் போட்டால் அந்த ஈரத்தை அப்படியே பூட்டி வைக்கும். மழைக்காலத்தில் பெசன்ட் நகரில் டின்னைத் திறந்து, ஜன்னல் திறந்த அறையில் அரை மணி நேரம் நிதானமாக ஜாடிக்கு மாற்றினால், வெளிக்காற்றின் ஈரமும் சேர்ந்துதான் பூட்டப்படும். ஏ.சி. ஓடும் அறையில், கையைத் துடைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் மாற்றுங்கள்.

## பையும் பவுச்சும்

சமையலறை ஜிப் பையின் பாலித்தீன் வழியே நீராவி மெல்லக் கசியும், மணமும் கசியும். மேசை இழுப்பறைக்குள் நான்கு பைகளை ஒன்றாகப் போட்டுவைத்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நான்கும் ஒரே வாசனை அடிக்கும். இரண்டு நாள் பயணத்துக்கு நான்கு பைப் அளவு எடுத்துப் போக இது சரி. உள்ளே ரப்பர் பூசிய தோல் பவுச் இன்னும் ஒன்றிரண்டு நாள் தாங்கும். வெப்பத்தால் ஒட்டி மூடும் அலுமினியப் பூச்சு மைலார் பை வேறு கதை. உடையாது, வெளிச்சம் புகாது, நீண்ட நாள் தாங்கும். அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு நல்லது. ஆனால் ஒருமுறை வெட்டித் திறந்தால் மறுபடி ஜாடிதான் தேட வேண்டும்.

## ஹியூமிடர்

பெயரைக் கேட்டதும் எல்லோரும் வாங்கத் துடிப்பது இதைத்தான். ஸ்கார்பரோ தம்பியும் இதைத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஹியூமிடர் சுருட்டுக்காகச் செய்தது. சுருட்டின் மேலிலை வெடிக்காமல் தோல்போல வளைய வேண்டும். அதனால் சுமார் 70 சதவீத ஈரத்தில் வைப்பார்கள். வெட்டிய பைப் புகையிலைக்கு மேலிலை கிடையாது. அந்த 70 நமக்குப் பூசணத்தின் வாசற்படி. பெட்டியின் உட்புறத்தில் இருப்பது ஸ்பானிஷ் சீடர் மரம். அது தானே ஈரத்தைக் குடிக்கும், தன் வாசனையையும் கொடுக்கும். சுருட்டுக்கு அந்த வாசனை சீதனம். வைக்கோல் மணமுள்ள வர்ஜீனியாவுக்கு அது பென்சில் சீவிய வாசனையாகத்தான் முடியும். பெட்டி முழுதாகக் காற்றை அடைப்பதும் இல்லை. மாதாமாதம் ஈரம் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விலைக்குப் பத்துப் பன்னிரண்டு நல்ல ஜாடிகள் வரும்.

நனைத்து ஈரம் ஊட்டுவதற்காக மூடிக்குள் மண் வில்லை வைத்த பீங்கான் ஜாடிகள் பார்க்க அழகு. தாத்தாவின் மேசையில் இருந்தது என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரு வாரத்துக்கான இலையை மட்டும் அதில் போடுங்கள், மண் வில்லையைக் காய்ந்தபடியே விடுங்கள்.

## ஈரம் ஊட்டுவது: ஆப்பிள் தோல், ஓட்டுச் சில்லு, ஈரப்பொட்டலம்

ஆப்பிள் தோல், உருளைக்கிழங்குத் துண்டு, ரொட்டித் துண்டு மூன்றும் பழைய வழிகள். பல வருடங்களுக்கு முன் நானும் செய்தேன். காய்ந்துபோன நல்ல ஃப்ளேக் ஒன்று, ஜாடி நிறைய. ஆப்பிள் சீவல் ஒன்றை மேலே வைத்து மூடி, வேலை நெருக்கடியில் ஐந்து நாள் மறந்துவிட்டேன். திறந்தபோது ஆப்பிள் மேல் பச்சைத் திட்டு. அதிலிருந்து சிலந்தி வலை போல வெள்ளை நூல் கீழே இறங்கி, இலை மடிப்புகளுக்குள் ஊடுருவியிருந்தது. மழையில் நனைந்த கோணிச் சாக்கு வாசனை. மேலாக எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. நூல் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மொத்தத்தையும் கொட்டினேன், அந்த இலை மறுபடி கைக்கு வர இரண்டு வருடம் ஆனது.

ஆகவே பெசன்ட் நகர் நண்பருக்கு என் பதில்: ஆப்பிள் தோல் எந்த ஊரிலும் வேண்டாம். உங்கள் ஊரில் அதற்கு அவசியமே இல்லை.

நாள்பட்ட ஃப்ளேக்கின் மேல் சில நேரம் வெள்ளையாக மினுக்கும் பொடி தெரியும். அதைப் பூசணம் என்று பயந்து எறிந்தவர்கள் உண்டு. விளக்கடியில் திருப்பிப் பாருங்கள். கற்கண்டுத் தூள் போலப் பளிச்சிட்டு, நூலோ பஞ்சோ இல்லாமல், நல்ல வாசனையோடு இருந்தால் அது இலையிலிருந்து வெளிவந்த படிகம். பஞ்சு போல நின்று, ஈரக் காகித நாற்றம் வந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். முகர்ந்து முகர்ந்து உறுதிசெய்ய முயல வேண்டாம். பூசண வித்து மூச்சில் போகும்.

உண்மையில் காய்ந்துபோன இலைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் தெரியுமா? டிஜிட்டல் நகைத் தராசு ஒன்று இருந்தால் கணக்கு எளிது. புதிதாகத் திறந்த 50 கிராம் டின்னில் ஈரம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இலை 42.5 கிராம், தண்ணீர் 7.5 கிராம். அது காய்ந்து 46 கிராமுக்கு வந்துவிட்டால் போன தண்ணீர் 4 கிராம். அதாவது 4 மில்லி. ஒரு டீஸ்பூன் கூட இல்லை. "கொஞ்சம்" என்று நினைத்துத் தெளிக்கும் தண்ணீர் எப்போதும் இதைவிட அதிகம் என்பது இதிலிருந்தே புரியும். போனது 4 மில்லி என்றால் நான் 2 மில்லிதான் திருப்பிக் கொடுப்பேன்.

கொடுக்கும் வழி: அகலக் கிண்ணத்தில் இலையைப் பரப்பி, கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, இலையைத் தொடாமல் வாய்மேல் கட்டுங்கள். மணிக்கொரு முறை கிளறிவிட்டு எடைபாருங்கள். வேண்டிய எடை வந்ததும் ஜாடியில் போட்டு இரண்டு நாள் தொடாமல் விட்டால் ஈரம் எங்கும் சமமாகப் பரவும். இன்னொன்று ஓட்டுச் சில்லு. உடைந்த பூந்தொட்டித் துண்டைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் மேல்நீரைத் துடைத்து, துளையிட்ட அலுமினியத் தாளில் சுற்றி ஜாடிக்குள் வையுங்கள். கடையில் விற்கும் மண் வில்லை செய்வதும் இதே வேலைதான். ஒரு நாளில் வெளியே எடுத்துவிட வேண்டும்.

போவேடா போன்ற ஈரப்பொட்டலங்கள் இருபக்கமும் வேலைசெய்பவை: உப்புக் கரைசல் ஒரு சவ்வுக்குள் அடைத்திருக்கும், ஈரம் குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும். எந்த அளவு வேண்டும் என்று எண் பார்த்து வாங்கலாம். பைப்புக்கு 62 அல்லது 65. கனடாவில் ஒரே ஜாடியை ஆறு மாதம் திறந்து திறந்து புகைப்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். பொட்டலம் விறைத்துக் கட்டியானால் மாற்ற வேண்டும். ஜாடிக்கு ஒன்று என்று வைத்தால் அந்தச் செலவு நின்றபாடிருக்காது. அடிக்கடி திறக்காத ஜாடிக்கு இது தேவையில்லை. ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் மணமூட்டிய வகைகளில் வைத்தும் பெரிய பயன் இல்லை.

## வைக்கும் பதம் வேறு, புகைக்கும் பதம் வேறு

சேமிப்பில் சரியாக இருக்கும் இலை, பைப்புக்குள் போகும்போது இன்னும் கொஞ்சம் உலர்ந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் உள்ள கெண்டல் ஊர், 1792 முதல் புகையிலைத் தொழில் நடக்கும் இடம். அங்கிருந்து வரும் ஃப்ளேக்குகள் மிகவும் ஈரமாக வரும். அதை உதிர்த்து வெள்ளைத் தாளில் பரப்பி ஒரு மணி நேரமாவது விடாமல் புகைத்தவர்கள்தான் "நாக்கு வெந்துபோச்சு" என்று சொல்வது.

ஸ்கார்பரோவில் ஜனவரியில் அதே வேலைக்குப் பதினைந்து நிமிடம் போதும். மறந்து விட்டால் சருகு. சென்னை மழைக்காலத்தில் தாளில் பரப்பி மின்விசிறி போட்டால் இரண்டு மணி நேரமானாலும் ஒன்றும் ஆகாது, ஈரக் காற்றுக்கு இலையை உலர்த்தும் சக்தி கிடையாது. ஏ.சி. அறைக்குக் கொண்டு போங்கள், அல்லது மஞ்சள் பல்பு மேசை விளக்குக்குக் கீழே ஒரு சாண் தள்ளிப் பத்து நிமிடம் வையுங்கள்.

மழைக்காலத்தில் பைப்பையும் மாற்றிப் பார்க்கலாம். மக்காச்சோளக் கதிர்க்கட்டையில் செய்த பைப் ஈரத்தை நன்றாகக் குடிக்கும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் செய்கிறார்கள். விலையும் குறைவு. டப்ளினின் பீட்டர்சன் செய்யும் சிஸ்டம் பைப்பில் ஈரம் வடிந்து தங்க அடியில் ஒரு குழி உண்டு. எந்தப் பைப்பானாலும், முதல் தீக்குச்சியில் மேற்பரப்பு கருகி எழும்பும். அதை மெல்லத் தட்டி அமர்த்தி, இரண்டாம் குச்சியில் சீராகப் பற்றவைத்து, மூச்சு விடும் வேகத்தில் இழுங்கள். பைப்பின் கிண்ணத்தைக் கன்னத்தில் வைக்க முடியாத அளவு சுட்டால் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

## இருவருக்கும் சொன்னது

ஸ்கார்பரோ தம்பிக்கு: ஹியூமிடர் காசில் கால் லிட்டர் ஜாடி எட்டு வாங்குங்கள். தினம் திறக்கும் ஒரே ஒரு ஜாடியில் 62 எண் பொட்டலம் ஒன்று. மற்றவை மூடியபடி பேஸ்மென்ட்டில், ஹீட்டர் குழாய்க்குத் தள்ளி. ஏற்கெனவே காய்ந்ததை எடைபோட்டு, ஈரத்துணி கட்டி மீட்டுக்கொள்ளுங்கள்.

பெசன்ட் நகர் நண்பருக்கு: இந்தியாவுக்குள் பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய புகையிலை குறைவுதான்; 2016 பேகேஜ் விதிகளில் அது 125 கிராமாக இருந்தது, அதாவது இரண்டு 50 கிராம் டின். ஆகவே உங்களுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒன்றைத் திறக்காமல் பையில் போட்டு அலமாரியில் வையுங்கள். நமுத்த மாதிரி இருக்கிறது என்று சொன்ன டின்னை ஏ.சி. அறையில் தாளில் பரப்பி, கால் மணிக்கொருமுறை சிட்டிகைச் சோதனை செய்து, மெல்லத் தளரும் பதம் வந்ததும் இரண்டு சின்ன ஜாடிகளில் பிரித்துப் போடுங்கள். மூடியில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். டிசம்பர் முடியும்வரை பத்து நாளைக்கு ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். கோணிச் சாக்கு வாசனை இல்லையென்றால் அன்றைக்கு ஒரு பைப் நிரப்பிக்கொள்ளலாம்.